இரண்டு கோட்டுக்காரர்கள்

கருத்தக்கண்ணனின் சட்டைப்பையில் இருந்த பிளாஸ்டிக் அட்டையை இந்நேரம் பாதிக் கூடலூர் பார்த்திருக்கும்.

தெருவில் நடந்த முகாமில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டார்கள். அட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள் விழுந்தன. "உங்களுக்குக் கொரோனா வந்து, உங்களுக்கே தெரியாமப் போயிருச்சு. எதிர்ப்புச் சக்தி வந்தாச்சு, இனிப் பயமில்ல" என்று முகாம்காரர்கள் சொன்னதிலிருந்து மனிதர் எப்படி மாறிப்போனார் என்பதைப் போன வாரம் பார்த்தோம். முகமூடியைக் கழற்றிக் கொடியில் போட்டவர் மறுபடி எடுக்கவே இல்லை. கம்பம் திராட்சை மண்டிக்குப் போனார். கண்டவர்களோடெல்லாம் கைகுலுக்கினார். டீக்கடை பெஞ்சில் நட்டநடுவில் உட்கார்ந்தார்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. மருமகள் விஜியின் வளைகாப்புக்கும் அதையே சட்டமாக்கிவிட்டார். இரண்டு கோடு விழுந்தவர்கள் தாராளமாக வரலாம். ஒற்றைக்கோட்டுக்காரர்கள் வர வேண்டாம்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து விஜிக்கு வாய்த்த பிள்ளை. நோய் வந்து போனவர்கள் மட்டும் சுற்றி இருந்தால் அவளுக்கு ஆபத்தில்லை என்பது அவர் கணக்கு.

ஆனால் அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டிக்கொண்டவர் விஜியைப் பெற்ற அம்மா. தேவதானப்பட்டி மலையம்மாளுக்கு ஒற்றைக்கோடுதான் விழுந்திருந்தது. அடுத்து மாட்டியவன் விஜியின் புருஷன். கருத்தக்கண்ணனின் சொந்த மகன் சுரேஷ்கண்ணன்.

வளைகாப்பு இன்று.

*

பொழுது விடிவதற்குள் வீடு புளியோதரை வாசத்தில் மிதந்தது. பின்கட்டில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள் அனுசுயா. கருத்தக்கண்ணனின் மகள். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முந்தின நாள் சாயங்காலம்தான் லீவு போட்டு வந்திருந்தாள்.

பக்கத்தில் அவள் அத்தை முத்துமாரியம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எத்தனை கோடு அத்தை?" என்றாள் அனுசுயா, பேச்சுக்குத்தான்.

"நமக்கு ரெண்டு. உங்க அப்பாவுக்கு விழுந்ததைவிட அழுத்தமா விழுந்துச்சு."

"இந்த வருசம் காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"ஒரு தும்மல்கூட இல்ல. போன வருசந்தான் டெங்குல செத்துப் பொழைச்சேன். தட்டணு கொறைஞ்சு போச்சுன்னு தேனிக்குத் தூக்கிட்டு வந்தாகளே, நீதான ரத்தம் எடுத்த?"

எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்காச்சும் தேனியோட போச்சு. எனக்குத் தட்டணு எறங்குன எறக்கத்துக்கு மதுரைக்கே கொண்டு போனாக."

"உங்களுக்கு எத்தனை கோடுக்கா?"

"ரெண்டு. இந்தத் தெருவுல டெங்குல படுத்த அம்புட்டுப் பேருக்கும் ரெண்டுதான். நம்மதான் தாட்டியமான ஆளுகளாச்சே."

"அடுத்த தெருக்காரவுகளுக்கு?"

"அங்கன ஒருத்தருக்கும் விழல. அதான் உங்க அப்பா அவுகளைக் கூப்பிடல."

அனுசுயாவின் கத்தி பழத்தின் பாதியில் நின்றது.

போன வருஷம் டெங்கு வந்தது இந்தத் தெருவில். அடுத்த தெருவுக்கு வரவில்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் அண்ணன் சுரேஷ்கண்ணனுக்கு அப்போது டெங்கு வரவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன், அந்தச் சமயம் குமுளிக்கு மேலேயே தங்கிவிட்டான். ஆனால் இந்த வருஷம் ஆடி மாதம் அவனுக்கு உண்மையாகவே கொரோனா வந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்து, அவள் வேலை பார்க்கும் லேபிலேயே உறுதியானது. ஆனாலும் அவனுக்கு அட்டையில் இரண்டாவது கோடு விழவில்லை. அப்பா நம்பியது அட்டையைத்தான்.

கொரோனா வந்தவனுக்கு இரண்டாவது கோடு இல்லை. டெங்கு வந்தவர்களுக்கு எல்லாம் கோடு இருக்கிறது.

"என்னத்தா, கையை அறுத்துக்கிட்டியா?" என்றாள் அத்தை.

"இல்லத்தை. கொஞ்சம் பொறுங்க, வந்துர்றேன்."

*

விஜியின் அறையில் பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் கட்டிலில் கிடந்தது. விஜி பழைய நைட்டியோடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் ராக்கம்மாள் பூச்சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"நேரமாகுதுத்தா, தலையை மட்டும் காட்டு."

"மாமா என் நல்லதுக்குத்தான் செய்றாக, தெரியுதத்தை. நான் அவுக மேல கோவப்படல." விஜி திரும்பவில்லை. "ஆனா எங்கம்மா இல்லாம என் கையில வளையல் ஏறுனா, அது வளைகாப்பு இல்ல. வளையல் கடை."

ராக்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அனுசுயா உள்ளே வந்ததைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அம்மா முகத்தில் ஓடிய அந்தக் கள்ளத்தனத்தைக் கவனிக்க அனுசுயாவுக்கு அப்போது நேரமில்லை.

"மதினி, சேலையைக் கட்டுங்க. நான் அப்பாகிட்டப் பேசப் போறேன்."

"பேசி?"

"பேசுனா நம்ப மாட்டாரு. அவரு கண்ணுல காட்டணும்."

*

கருத்தக்கண்ணன் வாசலில் வாழைமரம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, சட்டைப்பையில் அட்டை.

மகள் சொன்னதை அவர் பொறுமையாகத்தான் கேட்டார். டெங்கு வந்தால் அதை எதிர்க்க உடம்பு ஒரு புரதத்தைச் செய்துகொள்ளும், அது காய்ச்சல் போன பிறகும் ரத்தத்தில் நெடுநாள் இருக்கும் என்றாள். தரம் சரியில்லாத அட்டையாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டு, இது கொரோனாவுக்காகச் செய்தது என்று ஏமாந்து கோடு போட்டுவிடும் என்றாள்.

"அதாவது அட்டைக்கு ஆள் அடையாளம் தெரியலங்கிற?"

"ஆமாப்பா."

"நீ படிச்சவ. ஆனா இது என் ரத்தம். என் ரத்தம் பொய் சொல்லாது."

"சரி, உங்க ரத்தத்தையே கேப்போம்," என்றாள் அனுசுயா.

போன வருஷம் டெங்கு என்று உறுதியான சிலருடைய ரத்த நீரை அவள் லேபில் உறையவைத்துப் பாதுகாத்தார்கள். புதிதாக வருகிற பரிசோதனைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க அது உதவும். அதில் ஒரு குழாய் கருத்தக்கண்ணனுடையது. அனுசுயா கேட்டபோது, 'நம்ம ரத்தம் நாலு பேருக்கு உதவுனாச் சரிதான்' என்று அவரே பெருமையாகச் சம்மதித்திருந்தார். இந்த அட்டை விற்கிறவர் அவள் லேபுக்கும் மாதிரிக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது.

"போன வருசம் ஐப்பசியில எடுத்த ரத்தம்ப்பா அது. அப்ப உலகத்துல யாரும் கொரோனாங்கிற பேரைக்கூடக் கேட்டதில்ல. அதுல ஒரு சொட்டை இந்த அட்டையில விட்டா என்ன ஆகணும்?"

கருத்தக்கண்ணன் யோசித்தார். யோசிக்கத் தெரிந்த மனிதர். "அப்பக் கொரோனாவே கெடையாது. அதனால ஒத்தக்கோடுதான் விழணும்."

"விழுந்தா நான் வாயைத் தொறக்கல. உங்க சட்டப்படியே வளைகாப்பு நடக்கட்டும்."

"ரெண்டு விழுந்தா?"

"நீங்களே சொல்லுங்க."

"விழாது. நீயே எனக்குச் சாட்சி சொல்லப் போற, பாரு." அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "போடு போனை."

*

கூடலூரில் வீடியோ போன் பேசுவது சுலபமில்லை. மொட்டை மாடிக்குப் போனால்தான் அதற்கு வேண்டிய அளவு நம் டவர் கிடைக்கும். கொஞ்சம் மேற்கே நகர்ந்தாலும் கேரளா டவர் இழுத்துக்கொள்ளும். முதல் முறை அனுசுயா அழைத்தபோது, ஒரு பெண் குரல் மலையாளத்தில் இனிமையாக என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒதுங்கி நின்றபோதுதான் வீடியோ தெளிந்தது.

எதிர்முனையில் வெள்ளைக் கோட்டும் முகமூடியும் கண்ணாடியுமாக ஓர் இளைஞன். அனுசுயாவோடு வேலை பார்க்கும் கார்த்திக்ராஜ்.

"வணக்கம் சார். இதுதான் உங்க குழாய். மேல தேதியைப் பாருங்க."

கருத்தக்கண்ணன் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தள்ளி, மறுபடி அருகில் கொண்டுவந்து பார்த்தார். "ஆமா, போன வருச அக்டோபர். எம் பேரும் இருக்கு. எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கீக, நல்லாருக்கு."

"உங்க மகள் எழுதுனது சார்."

ஒரு சொட்டு அட்டையில் விழுந்தது. மேலே சில சொட்டு மருந்துத் திரவம். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றான் கார்த்திக்ராஜ்.

காத்திருப்பது தெரிந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தை முத்துமாரியம்மாள் தேங்காய்த் துருவலோடு மேலே வந்தாள். வெங்காயத்துப் பெண் வந்தாள். வாழைமரம் கட்டியவர்கள் படியில் நின்றார்கள். கீழே முதல் ஆட்டோ வந்து நின்று, இரண்டு கோட்டு உறவினர்கள் முகமூடி இல்லாமல் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அவர்களையும் யாரோ மாடிக்குக் கூப்பிட்டார்கள். அனுசுயா அத்தனை பேரையும் தள்ளித் தள்ளி நிற்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

முதல் கோடு விழுந்தது.

"அது எல்லாருக்கும் விழும் சார். அட்டை வேலை செய்யுதுங்கிறதுக்கு."

"தெரியும் தம்பி. நான் அதுல அனுபவசாலி."

சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை. கருத்தக்கண்ணன் மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். முத்துமாரியம்மாள் அண்ணன் பக்கம் சாய்ந்தவளாக, "அப்பவே சொன்னேன்," என்றாள், எதுவுமே சொல்லியிராதவள்.

பிறகு இரண்டாவது இடத்தில் மங்கலாக என்னவோ தெரிந்தது. தூசி மாதிரி. பிறகு இளஞ்சிவப்பாக. பிறகு யாரும் மறுக்க முடியாதபடி நல்ல சிவப்பாக.



"அது யாரு ரத்தம்?" என்றார் கருத்தக்கண்ணன்.

"உங்க ரத்தந்தாம்ப்பா."

"பொறக்காத நோயி என் ரத்தத்துல எப்படித்தா வந்துச்சு?"

"வரலப்பா. அதைத்தான் சொல்றேன்."

"மத்த டெங்கு சாம்பிளும் கூடவே போட்டிருந்தேன் சார்," என்றான் கார்த்திக்ராஜ் மெதுவாக. "ஒண்ணைத் தவிர எல்லாத்துலயும் ரெண்டு கோடு. எனக்கு டெங்கு வந்ததில்ல. என் ரத்தத்தையும் விட்டுப் பார்த்தேன். ஒத்தக்கோடுதான்."

"எல்லா டெஸ்டும் பொய்யின்னு நெனச்சுறாதீங்கப்பா," என்றாள் அனுசுயா. "இந்த அட்டை மட்டுந்தான். உங்களுக்கு நெசமாவே வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இதை வச்சு எதுவும் சொல்ல முடியாது."

கருத்தக்கண்ணன் போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் தோற்றுப்போன கோபம் வரும் என்று அனுசுயா எதிர்பார்த்தாள். வந்தது வேறு. அவர் சட்டென்று மகளிடமிருந்து விலகி, மாடியின் ஓரத்துக்குப் போய்விட்டார்.

"தள்ளி நில்லுத்தா. எல்லாரும் தள்ளிப் போங்க."

"என்னப்பா?"

"மண்டியில கமிஷன்கார அழகர் இந்த வாரம் பூரா இருமிக்கிட்டே இருக்காரு. அவரு பயந்தாரு. நான்தான் தோள்ல கையைப் போட்டு, பயப்படாதீகண்ணே, நான் ரெண்டு கோட்டுக்காரன், என்கிட்ட எல்லாம் ஒண்ணும் நடக்காதுன்னு…" அவர் குரல் இறங்கியது. "அதே கையோட வீட்டுக்கு வந்துதான் விஜிப் பிள்ளைக்குத் தினமும் திராட்சை கழுவிக் குடுத்தேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மூக்கையும் வாயையும் சேர்த்துப் பின்மண்டையில் இறுக்கி முடிச்சுப் போட்டார். வீட்டுக்குள் போகாமல், வெளிப்படி வழியாக இறங்கித் தெருவுக்குப் போனார்.

*

தெரு முனையில் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சொந்தங்கள், கொள்ளைக்காரன் மாதிரி முகத்தை மூடிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தபடி ஓடி வந்த மனிதரைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"அங்கனயே நில்லுங்க! நான் ஒத்தக்கோடு!"

"என்ன மாமா சொல்றீக? ரெண்டு கோடுன்னு நீங்கதான காட்டுனீக?"

"நானும் ஒத்தக்கோடு, நீங்களும் ஒத்தக்கோடு! போன வருசம் நம்மளைக் கடிச்சுச்சே கொசு, அதுதான் இந்தக் கோட்டைப் போட்டுருக்கு!"

ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் கருத்தக்கண்ணன் இவ்வளவு சத்தமாகத் தன்னைத் தானே மறுத்து யாரும் கேட்டதில்லை. அதனாலேயே விஷயம் பெரியது என்று நம்பினார்கள். முந்தானைகள் மூக்குக்கு ஏறின. கைக்குட்டைகள் வெளியே வந்தன.

அடுத்தது என்ன என்ற கேள்விக்கு அனுசுயா பதில் வைத்திருந்தாள். வீட்டுக்குள் வேண்டாம், தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், காற்றோட்டமாக இருக்கும் என்றாள்.

"திராட்சைப் பந்தலுக்குக் கீழயா?" என்றார் ராக்கம்மாள்.

"பந்தல்ல பூச்சிமருந்து வாசம் இருக்கும், பிள்ளைக்கு ஆகாது," என்று தூரத்திலிருந்து கத்தினார் கருத்தக்கண்ணன். "தென்னந்தோப்புல போடுங்க."

"தலையில தேங்கா விழவா?"

"முந்தாநாள்தான காய் வெட்டுச்சு!"

"இன்னொண்ணு," என்றாள் அனுசுயா. குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்பாவோட ஒரே வீட்டுல இருந்த நாம யாரும், டெஸ்ட் எடுக்காம மதினியைத் தொடக் கூடாதும்மா. அத்தையும் தினம் இங்கதான் இருந்தாக. நீங்களும் நானும்கூடத் தள்ளித்தான் நிக்கணும்."

ராக்கம்மாள் மகளைப் பார்த்தார். மருமகள் கையில் முதல் வளையல் போட அவரும் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று அனுசுயாவுக்குத் தெரியும்.

"அப்ப யாருத்தா போடுறது?"

கருத்தக்கண்ணனுக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழைத்தார். தேவதானப்பட்டிக்கு.

மணி அடித்தது. அவர் காதில் மட்டுமல்ல. தெரு முனையில், தார்ப்பாய் இறக்கிவிட்டு நின்றிருந்த மகனின் ஜீப்புக்குள்ளும் அடித்தது.

ஜீப்பில் சாய்ந்து நின்ற சுரேஷ்கண்ணன் வானத்தைப் பார்த்தான். ராக்கம்மாள் தரையைப் பார்த்தார்.

"ஏலே," என்றார் கருத்தக்கண்ணன்.

"அம்மாதான்ப்பா கூட்டியாரச் சொன்னாக."

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார் ராக்கம்மாள். "பெத்தவ வராம எப்படிங்க? நீங்க சமையலைப் பாக்கப் போன நேரம், பின்வாசல் வழியாக் கூட்டியாந்துறலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவ மாடியில கச்சேரி வச்சுட்டா."

தார்ப்பாய் விலகியது. மலையம்மாள் முகமூடியோடு எட்டிப் பார்த்தார். மடியில் பித்தளைத் தாம்பாளம், அதில் கண்ணாடி வளையல்கள்.

"கோவிச்சுக்காதீகண்ணே. உள்ள வரணும்னு வரல. தூரத்துல இருந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போயிறலாம்னுதான்… பெரியகுளத்துல மூக்குல குச்சி விட்டு டெஸ்டும் எடுத்துட்டேன். இல்லைன்னு வந்திருச்சு. அதுக்குப் பெறகு வீட்டை விட்டு நகரல."

கருத்தக்கண்ணன் ஓரடி முன்னால் வந்தார். பிறகு நினைவு வந்து இரண்டடி பின்னால் போனார்.

"தங்கச்சி, கோவிச்சுக்க வேண்டியது நீங்க. நம்ம ரெண்டு பேருல தள்ளி நிக்க வேண்டிய ஆளு நான்தான். எறங்கி வாங்க. இன்னிக்கு அந்தப் பிள்ளையைத் தொடத் தகுதியான ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

"நானும் இருக்கேன்ப்பா," என்றான் சுரேஷ்கண்ணன். "என்னைத்தான் முகாம் நடந்த அன்னிக்கே மோட்டார் ரூமுக்குத் தொரத்தி விட்டீகளே. சாப்பாடுகூட வாசல்ல வச்சுட்டுத்தான் போனாக. உங்க மூச்சுக்காத்தே என் மேல படல."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. துண்டுக்குள் கருத்தக்கண்ணனும் சிரித்தார். கண்ணில் தெரிந்தது.

*

தென்னந்தோப்பில் நாற்காலி போட்டு விஜியை உட்கார வைத்தார்கள். பட்டுச்சேலை, முகமூடி, அதற்கு மேல் அழுது சிரித்த கண்கள். அம்மா வருகிறார் என்று தெரிந்த நிமிஷமே அவள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

மலையம்மாள் மகள் கன்னத்தில் சந்தனம் தடவினார். அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு தடவியதில் சந்தனம் காது வரை போயிற்று.

"மதினி," என்று தூரத்திலிருந்து கூப்பிட்டார் ராக்கம்மாள். "எனக்குன்னு ஒரு டஜன் பச்சை வளையல் வச்சிருக்கேன். அதையும் நீங்களே போட்டு விடுங்க. ஒவ்வொண்ணையும் தூக்கிக் காட்டிட்டுப் போடுங்க, நான் பாக்கணும்."

மலையம்மாள் ஒவ்வொரு வளையலாகத் தூக்கிக் காட்டினார். ராக்கம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். நடுவில் ஒன்று உடைந்தபோது, "அது போகட்டும், அடுத்ததைக் காட்டுங்க," என்றார்.

சொந்தங்கள் மரத்துக்கு ஒரு குடும்பமாகப் பிரிந்து நின்றார்கள். நின்ற இடத்திலிருந்தே அட்சதை போட்டார்கள். அது காற்றில் பறந்து பாதி சுரேஷ்கண்ணன் தலையில் விழுந்தது. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் பொட்டலமாகிக் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. முத்துமாரியம்மாள் மட்டும் போகும்போதும், "என் கோடு அழுத்தமா விழுந்துச்சே," என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனாள்.

கருத்தக்கண்ணன் மோட்டார் ரூம் வாசலில், மகன் காலி செய்து கொடுத்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோப்பின் கடைசி வரிசைக்கும் அப்பால். அங்கிருந்து பார்த்தால் விஜி ஒரு சிவப்புப் புள்ளி.

அந்தப் புள்ளி எழுந்து, மெல்ல நடந்து, பாதி தூரம் வந்து நின்றது. இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டியது.

"மாமா! வளையல் சத்தம் கேக்குதா?"

அவருக்கு வாய்க்காலில் ஓடும் தண்ணீரும் தென்னை ஓலையும்தான் கேட்டது.

"கேக்குதுத்தா!" என்றார். "நல்லாக் கேக்குது!"

விஜி குனிந்து கும்பிட்டாள். அவர் துண்டு கட்டிய முகத்தோடு கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். பிறகு, யாரையோ தேடுகிறவர் மாதிரி தோப்பைப் பார்த்து, "தங்கச்சி!" என்று குரல் கொடுத்தார்.

"என்னண்ணே?"

"பிரசவம் இங்கனதான்னு சொல்லியிருந்தேன்ல, அதை மறந்துருங்க. டெஸ்ட் முடிவு எல்லாம் நல்லபடியா வரட்டும். வந்ததும் உங்க பொண்ணை முறைப்படி கூட்டிட்டுப் போங்க."

மலையம்மாள் முகமூடியைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டார்.

*

சாயங்காலம் ஒரு மோட்டார் சைக்கிள் தோட்டத்து மண்பாதையில் குலுங்கிக்கொண்டு வந்தது. கார்த்திக்ராஜ். முதுகில் ஐஸ் பெட்டி. வீட்டில் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்க வந்திருந்தான்.

"நாளைக்கு நாங்களே தேனிக்கு வந்திருப்போமே," என்றாள் அனுசுயா. குரலில் ஏதோ ஒரு பதற்றம்.

"பெரியவங்களை எதுக்கு அலைய விடணும்?"

ராக்கம்மாள் மாமரத்தடியில் தள்ளி உட்கார்ந்திருந்தார். கார்த்திக்ராஜுக்கு ஒரு டம்ளர் காபியை நாற்காலியில் வைத்துவிட்டு விலகினார். இன்னொன்றை மகளுக்கு வைத்தார்.

"அவங்களுக்குச் சீனி வேண்டாமேம்மா," என்றான் கார்த்திக்ராஜ். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போலிருந்தது. பாதுகாப்பு உடையை மாட்டுவதில் மும்முரமானான்.

ராக்கம்மாள் மகளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு நிதானமாக வெற்றிலைப் பையைத் திறந்தார்.

முதலில் கருத்தக்கண்ணன். தலையை அண்ணாந்து, கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். குச்சி உள்ளே போனதும் கண்ணில் நீர் கொட்டியது.

"அந்த அட்டை எம்புட்டோ தேவலை தம்பி," என்றார் மூச்சு வந்ததும். "பொய் சொன்னாலும் வலிக்காமச் சொல்லுச்சு. ரிசல்ட் எப்ப வரும்?"

"நாளைக்குச் சாயங்காலம் சார். நானே நேர்ல வந்து சொல்லிடுறேன்."

"எதுக்கு நேர்ல? போன்ல சொன்னாப் போதாதா?"

கார்த்திக்ராஜ் குழாயை மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பூட்டி, பூட்டியது பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தான்.

"இது போன்ல சொல்ற விஷயம் இல்ல சார்."

கருத்தக்கண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன தம்பி? பார்க்கும்போதே தெரிஞ்சிருச்சா? எனக்கு இருக்கா?"

"ஐயோ, அது இல்ல சார்! டெஸ்ட் விஷயம் இல்ல. இது வேற." அவன் அனுசுயாவைப் பார்த்தான். அனுசுயா திராட்சைப் பந்தலில் இதுவரை யாரும் பார்க்காத எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க உடம்பு நல்லாருக்குன்னு தெரிஞ்ச பிறகு பேசலாம்னு இருந்தேன்."

முகமூடிக்கு வெளியே தெரிந்த அவன் காதுகள் சிவந்திருந்தன. மாமரத்தடியில் ராக்கம்மாள் பாக்கை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

கருத்தக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"உக்காருங்க தம்பி," என்றார். உடனே கையை நீட்டித் தடுத்தார். "இல்ல, உக்காராதீக. இங்கன பக்கத்துல வேண்டாம், அங்கனயே தள்ளி நில்லுங்க. ஆனா நாளைக்கு வரைக்கும் என்னால பொறுக்க முடியாது. இப்பவே சொல்லுங்க."